புளித்தண்ணீரில் ஊறிய கத்திகள்

உபகரண அறையின் சாவியை உங்கள் இருவரிடமும் கொடுத்த அன்று, கூடாரங்களைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கயிறுகளைப் பற்றியும் கேட்கவில்லை. கத்திகளின் மரக் கைப்பிடிக்கு எந்த எண்ணெய் போடுவது என்று மட்டும் கேட்டீர்கள். சேர்ந்த புதிதில் நானும் அதையேதான் கேட்டேன், கண்ணில் பட்ட எல்லோரிடமும். தச்சர் ஒன்று சொன்னார், என் மாமனார் வேறொன்று சொன்னார், இணையம் எல்லாவற்றையும் சொன்னது.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆளிவிதை எண்ணெய். துணியில் கொஞ்சமாகத் தொட்டுத் தடவி, ஊறவிட்டு, மிச்சத்தை உள்ளங்கையில் ஈரம் ஒட்டாத அளவுக்குத் துடைத்தெடுங்கள். நன்றாகக் காயும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒருமுறை யாரோ கடலை எண்ணெயைத் தடவிவிட்டுப் போக, கைப்பிடி பிசுபிசுத்ததோடு அலமாரிக்கு எறும்பும் வந்தது.

எண்ணெயைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் எண்ணெய் போடாமல் கெட்டுப்போன கைப்பிடியை நான் அதிகம் பார்க்கவில்லை. தண்ணீராலும் அவசரத்தாலும் கெட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். என் மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பள்ளிகளுக்கு விடுமுறை விடும்போதுதான் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தும் நமக்கு வேலை மும்முரம். அவள் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் நான் இங்கே இருப்பது சரிப்படாது என்றுதான் வேலையை விட்டுக் கிளம்புகிறேன். கிளம்பும் முன் ஒரு தசரா விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். அதில் என்ன பாடம் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறாகத் தெரிகிறது. அதனால் நடந்தபடியே சொல்கிறேன்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்திருந்த வருடம் அது. மகளை ரிச்சர்ட்ஸ் டவுனில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு இந்த அறை இருக்கும் ஜீவனஹள்ளிக்கு நடந்தே வருவேன். வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை அம்மாவுக்குப் போன் செய்துவிடுவேன். அறைக்கு வந்தால் கயிறுகளின் முடிச்சைப் பார்ப்பேன், மூடிய பெட்டியைத் திறந்து மறுபடி பார்ப்பேன். சுற்றியிருந்தவர்கள் இதைக் கவனித்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நம்மிடம் அப்போது பன்னிரண்டு மரப்பிடிக் கத்திகள் இருந்தன. இப்போது நீங்கள் பார்க்கும் அதே மாதிரிதான். நடுவில் எஃகு, இருபுறமும் ஈட்டி மரத்துண்டு, இரண்டையும் இறுக்கிப் பிடிக்கும் பித்தளை ஆணிகள். சந்தாபுரா தாண்டி ஆனேக்கல் பக்கம் இருக்கும் நம் முகாமில், பிள்ளைகளுக்கு மரம் செதுக்கக் கற்றுக்கொடுப்பதற்காக வாங்கியவை. முகாமை நடத்துபவர் ரஃபீக். பிளாஸ்டிக் பிடி வியர்வையில் வழுக்கும், பிள்ளைகளின் கைக்கு மரம்தான் சரி என்று அடம்பிடித்து வாங்க வைத்தவரும் அவர்தான்.

வண்டி ஓட்டுபவர் முருகேசண்ணா. ஆயுத பூஜை அவர் பொறுப்பு. வாழைக்கன்று கட்டுவது, பூசணிக்காய் உடைப்பது, பொரி கடலை பங்கிடுவது எல்லாம் அவர்தான். நான் சர்ச்சுக்குப் போகிறவள்; பூஜை நேரத்தில் பின்னால் நின்று பிரசாதம் வாங்கிக்கொள்வேன், கருவிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அந்த வருடமும் முந்தின நாளே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மகளுக்குச் சளி என்று சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் பூஜைக்கு வந்தபோது, சிவப்புத் துணியின் மேல் கத்திகளை விசிறி மாதிரி அடுக்கியிருந்தார்கள். ஆணிகள் புதுத் தங்கம் மாதிரி மின்னின. எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். முருகேசண்ணா பெருமையாக, குத்துவிளக்கை எப்படித் துலக்குவோமோ அப்படித்தான் என்றார். கத்திகளை மொத்தமாக ஒரு டப்பில் போட்டு, புளி கரைத்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்திருக்கிறார். காலையில் தேங்காய் நாரால் தேய்த்து, சிமென்ட் கூரையின் மேல் வெயிலில் காயவைத்திருக்கிறார். அதன்பிறகு சந்தனம், குங்குமம்.

நான் மரத்தைப் பார்த்தேன். எண்ணெய் வாங்கி வாங்கிக் கறுத்திருந்த ஈட்டி மரம் வெளுத்து, சாம்பல் பூத்தது போலக் கிடந்தது. எஃகும் மரமும் சந்திக்கும் இடத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. எடுத்துப் பார்க்க முடியாது. பூஜையில் வைத்த கருவியை அன்று அசைக்கக் கூடாது. விஜயதசமி காலையில் மறுபூஜை முடித்துத்தான் எடுக்க வேண்டும். அதே காலையில்தான் ஒரு பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு பஸ் முகாமுக்குக் கிளம்புகிறது. மூன்று நாள் முகாம். அந்தக் கத்திகளைத்தான் அவர்கள் கையில் கொடுக்கப் போகிறோம்.

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டேன். முருகேசண்ணா கற்பூரம் காட்டி முடித்ததும் ஒரு கத்தியை எடுத்து, கைப்பிடியின் ஓரத்தில் நகத்தை ஓட்டினேன். எஃகிலிருந்து மரத்துக்குப் போகும்போது நகம் தட்டியது. மரம் உப்பி, எஃகை விட உயரமாக நின்றது. பன்னிரண்டிலும் அப்படித்தான். ரஃபீக்கின் சொந்தக் கத்தி அவர் இடுப்பிலேயே இருந்ததால் பூஜைக்கு வரவில்லை. அதை வாங்கி நகத்தை ஓட்டிப் பார்த்தேன். தட்டவே இல்லை.

இங்கேதான் சிக்கல். ரஃபீக் நம் கத்திகளில் ஒன்றை எடுத்துக் கைப்பிடியை முறுக்கினார், மேசையில் தட்டினார், இழுத்துப் பார்த்தார்.

"ஏக்தம் டைட்டா இருக்கு மேடம். முன்ன விட டைட்டு. என்ன பிரச்சனை?"

அவர் சொன்னது உண்மை. உப்பிய மரம் ஆணியை நெருக்கிப் பிடிக்கும். அன்று காலை அவை எப்போதையும் விட உறுதியாகத்தான் இருந்தன. காயக் காயத்தான் சுருங்கும். மேலே சீக்கிரமும் உள்ளே மெதுவாகவும் காய்ந்தால் எங்கேயாவது வெடிக்கும், அல்லது பிடி கழன்று ஆடும். அது இன்றைக்கா, முகாமில் இரண்டாம் நாள் வெயிலிலா, ஒருவேளை எப்போதுமே நடக்காதா என்று அந்தக் கத்தியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. காட்டுவதற்கு என்னிடம் உப்பிய ஓரம் ஒன்றுதான் இருந்தது.

இந்தக் கத்திகளை அனுப்ப வேண்டாம் என்று நினைக்கிறேன் என்றேன். ரஃபீக் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பாப்பா பொறந்ததுல இருந்து நீங்க எல்லாத்துக்கும் பயப்படுறீங்க. போன வாரம் ஸ்டவ்வக் கூட மூணு வாட்டி செக் பண்ணீங்க."

அடுப்பை மூன்று தடவை பார்த்ததும் உண்மை. அதனால்தான் அந்தப் பேச்சு உறைத்தது. நான் பார்ப்பது கத்தியின் கோளாறையா, என் பயத்தையா? இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும், குழந்தை இல்லாவிட்டாலும் வரும். யாராவது உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்ன அடுத்த நிமிடம், அப்படி இல்லை என்று காட்டுவதற்காகவே சரி என்று தலையாட்டத் தோன்றும். நானும் ஆட்டப் பார்த்தேன்.

ரஃபீக் அதைக் கண்டுகொண்டு ஒரு வழி சொன்னார். "சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம். இருக்கிறதுல நல்லதா ஆறு மட்டும் பாத்துக் குடுங்க. ரெண்டு ரெண்டு பேருக்கு ஒரு கத்தி. நான் பக்கத்துலயே உக்காந்துக்குறேன்."

நியாயமாகத்தான் பட்டது. இருவருக்கும் பாதிப் பாதி. நான் பொறுக்கவும் ஆரம்பித்தேன். மரத்தின் கோடுகள் பென்சிலால் போட்டது போல நேராக ஓடும் கைப்பிடி ஒன்று இருந்தது. அதை முதலில் எடுத்துத் தனியாக வைத்தேன். இரண்டாவதற்குக் கை நீட்டியபோது, முதலாவதை ஏன் எடுத்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. பன்னிரண்டும் ஒரே டப்பில் ஒரே இரவு ஊறியவை. எது நல்லது என்று எனக்குத் தெரியாதபோது ஆறைப் பொறுக்கிக் கொடுத்தால், ஆறு பத்திரமானவை என்று நான் எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ரஃபீக் அதை நம்பித்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பார்.

எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டேன். ஒன்றும் போக வேண்டாம் என்றேன். ரஃபீக் கையை விரித்துவிட்டு, பஸ்ஸில் சாமான் ஏற்றப் போய்விட்டார்.

ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் ரஃபீக் இல்லை, முருகேசண்ணாதான். பூஜையில் வைத்த கருவியைக் கொண்டு விஜயதசமியன்று வேலை தொடங்க வேண்டும். பூட்டி வைத்தால் அந்த வருடமே பூட்டிக்கொள்ளும் என்பது அவருக்கு நம்பிக்கை. அவர் துலக்கிப் பொட்டு வைத்ததை, பூஜையில் பின்னால் நிற்கிற நான், பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்று ஒதுக்கினால் அது எப்படித் தெரியும்? கத்தியைப் பற்றிச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பூஜையைப் பழித்ததாகத்தான் தெரியும். அவரை வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டேன், ஒரு கத்தியையும் ரஃபீக்கின் கத்தியையும் கையில் எடுத்துக்கொண்டு.

"அண்ணா, பூஜையப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரல. தண்ணியப் பத்திதான் சொல்றேன்."

இரண்டிலும் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் ஓட்டிப் பார்த்தார். மறுபடி ஓட்டினார். முகம் சுருங்கியது. தனக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே, எப்போதும் இப்படித்தானே செய்கிறோம் என்றார். போன வருடம் வரை துணியால் துடைத்துத்தான் வைத்தார்கள், ஊறவைத்தது இந்த வருடம்தான் என்று எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. பிறகு அவரே கேட்டார்.

"மழைக்காலத்துல எங்க வீட்டு பாத்ரூம் கதவு மாதிரியா ம்மா? உள்ள போனா நாலு பேர் சேந்து இழுக்கணும். சித்திர மாசம் பாத்தா அதே கதவு லொடலொடன்னு ஆடும்."

அதேதான் அண்ணா என்றேன்.

"அப்ப பசங்க கையில வேணாம்." கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா சும்மா பூட்டவும் கூடாது ம்மா. இதுங்க இன்னிக்கு ஏதாச்சும் வேலை செய்யணும்."

அவர் உள்ளே போய் பூஜைக்குப் போட்டிருந்த சாமந்திச் சரத்தை எடுத்து வந்தார். ஒவ்வொரு கத்தியாக எடுத்து, சரத்தில் ஒரு இடத்தில் நூலை அறுத்தார். அறுத்த துண்டைத் தட்டில் போட்டார், கத்தியைத் துணியில் வைத்தார். பஸ் ஜன்னல்களில் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ரஃபீக் ஏறப்போனவர் இறங்கி வந்து, கடைசிக் கத்தியைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி அவரே ஒரு துண்டு அறுத்தார். பிறகு, "வேலை முடிஞ்சுதா? கத்திங்களுக்கு லீவு, நமக்குத்தான் டியூட்டி" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். பஸ் கத்தி இல்லாமலே போனது.

அன்று நான் முருகேசண்ணாவிடம் முதலில் போகாமல் ரஃபீக்கிடம் முதலில் பேசியது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். நேரம் இல்லை என்பது காரணம்தான். ஆனால் நீங்கள் முடிந்தால் அந்தப் பொருளைக் கையாண்டவரிடம் முதலில் போங்கள். பத்துப் பேர் முன்னால் சொன்னால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். கத்தியைப் பார்க்க மாட்டார்.

மாலையில் ரஃபீக் ஒரு படம் அனுப்பினார். பிள்ளைகள் மூங்கில் சிம்பால் குளிக்கிற சோப்பைச் செதுக்கிச் செய்த மீன், யானை, அடையாளம் தெரியாத ஒரு பிராணி. கீழே, "மேடம் உபயம்" என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளும் அந்தப் பள்ளி குறை சொல்லிவிடுமோ, மரம் செதுக்கலாம் என்று ஆசையாக வந்த பிள்ளைகளை ஒன்றுமில்லாத காரணத்துக்கு ஏமாற்றிவிட்டேனோ என்றே ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு வந்ததுதான் கடினமான பகுதி. காத்திருப்பது. கைப்பிடிகளைச் செய்தித்தாளில் சுற்றி, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்த பெட்டியில், வெயில் படாத மூலையில் வைத்தேன். அலகுக்கு மட்டும் துரு பிடிக்காமல் லேசாக எண்ணெய் தொட்டேன். மரத்துக்குப் போடவில்லை. உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே எண்ணெய் போட்டால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகும். ஆனால் வெளுத்துப்போன மரத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் எண்ணெய் போடத்தான் கை வரும். முருகேசண்ணா வந்து போகும்போதெல்லாம் பெட்டியைத் திறந்து பார்ப்பார். தலைக்கு வைக்கிற மாதிரி கொஞ்சூண்டு வைத்தால் என்ன என்பார். அவருக்கு எதையாவது செய்து சரிக்கட்ட வேண்டும் போல இருந்தது, எனக்கும்தான். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க நினைப்போமே, அந்த மாதிரி. செய்தித்தாளை மாற்றுகிற வேலையை அவரிடம் கொடுத்தேன். அதன்பிறகு எண்ணெய்ப் பேச்சு குறைந்தது.

தீபாவளி முடிந்து, நகம் தட்டுவது நின்ற பிறகு, மூன்று பேருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். ரஃபீக்தான் முறுக்கிப் பார்த்தார். முதல் கத்தி உறுதியாக இருந்தது. இரண்டாவதும், மூன்றாவதும். கணு விழுந்து, கோடுகள் கோணலாக ஓடுகிற ஒரு கைப்பிடி இருந்தது; அது தேறாது, தூக்கிப் போட்டுவிடலாம் என்று ரஃபீக் முதலிலேயே சொல்லியிருந்தார். அதுவும் கல் மாதிரி இருந்தது. எல்லாமே நன்றாக இருந்துவிட்டால் என்ன சொல்வது? கைப்பிடிகள் கெடாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள், ஒன்றாவது கெட்டிருக்காதா என்று நினைத்த நிமிடமும் உண்டு.

முருகேசண்ணா என் பக்கம் திரும்பினார். "அப்ப அன்னிக்கு அனுப்பியே இருக்கலாமோ ம்மா?"

தெரியவில்லை அண்ணா என்றேன்.

ஒன்பதாவதோ பத்தாவதோ, நேர்க்கோடுகள் ஓடும் கைப்பிடி வந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை. பன்னிரண்டிலும் அழகு இன்னும் அதுதான். ரஃபீக் வழக்கம் போலப் பிடித்து முறுக்கினார். சட்டென்று ஒரு சின்னச் சத்தம். ஒருபுற மரத்துண்டு ஆணிக்கு ஆணி நேராகப் பிளந்து, பாதி அவர் உள்ளங்கையில் வந்துவிட்டது. அலகு கைக்குள் திரும்பி மேசை விரிப்பைக் கிழித்தது. அவர் கை பழகிய கை, விரல்களை விலக்கிக்கொண்டார். பிளந்த இடத்தில், உள்பக்கம், பழைய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. வெடிப்பு உள்ளே எப்போதோ தொடங்கியிருக்கிறது. கோடுகள் அவ்வளவு நேராக இருந்ததால்தான் அவ்வளவு சுலபமாகப் பிளந்திருக்கிறது.

அது முகாமின் மூன்று நாளுக்குள் பிளந்திருக்குமா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆறு பொறுக்கியிருந்தால் முதலில் போயிருக்கும் கத்தி அது என்பது மட்டும் தெரியும்.

மிச்சக் கத்திகளை எடுக்காமல் ரஃபீக் அந்த மரத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகாமுக்கு வந்த ஒரு பெண் பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். வகுப்பிலேயே சின்னது, மூன்று நாளும் எதைத் தொடவும் பயந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தது, சோப்பில் மீன் செய்தது அதுதான் என்றார்.

"பயப்படுற புள்ளைக்குத்தான் மேடம் இருக்கிறதுலயே நல்ல கத்தியா பாத்துக் குடுப்பேன்" என்றார். "இதத்தான் குடுத்திருப்பேன்."